கேமராவுக்கும் மூச்சு வாங்கும்

வீடியோ தொழிலில் கேமராதான் ஆடக்கூடாது; எடுக்கிறவனுக்கு ஈரக்குலை ஆடினால் யாருக்கும் கவலை கிடையாது. தோள்பட்டை தேய்ந்த என் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா! தொண்ணூறுகளில் சிம்மக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். நானோ பிறவி பயந்தாங்கொள்ளி. கேமராவோ தோளில் ஏற்றிவைக்கிற ரகம், நாம் மூச்சு விட்டால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "மூச்சை அடக்கி எடு. படம் ஆடுச்சுன்னா கேமராவைப் பிடுங்கிக்கிட்டு உன்னைய லைட்டு பிடிக்க விட்டுருவேன்." வீட்டில் அப்போதுதான் 'பையன் கேமராமேன்' என்று சொல்லிப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தள்ளி நின்ற மாடு

மேற்கே ஒரு ஊரில் ஜல்லிக்கட்டு. கூட்டம் மொத்தமும் படத்தில் விழட்டும் என்று லென்ஸை அகலத்தில் வைத்திருந்தேன். அகலத்தில் வைத்தால் பக்கத்தில் இருப்பதும் தள்ளித்தான் தெரியும். வாடிவாசலை விட்டு வந்த மாடு, கேமராவுக்குள் ஆட்டுக்குட்டி அளவுக்கு எங்கோ நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயமில்லாமல் நின்றேன். படம் துளிகூட ஆடவில்லை!

திடீரென்று யாரோ சட்டைக் காலரைப் பிடித்து வேலிக்கு மேலே இழுத்தார்கள். கீழே பார்த்தால், தோளில் தொங்கிய பேட்டரிப் பையைக் கொம்பு கிழித்திருக்கிறது. அப்புறம் வந்தது பாருங்கள் பயம்! இழுத்தவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, மாடு உங்க டப்பாக்குள்ள வரலண்ணே, உங்க மேல வருது!"

பின்பக்கமாக நடந்தவன்

காளவாசல் பக்கம் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பெண் அழைப்பு. பெண் முன்னால் நடந்து வர, நான் அவள் முகத்தை விடாமல் எடுத்துக்கொண்டே பின்பக்கமாக நடக்க வேண்டும். முதுகில் கண்ணில்லாதவனுக்கு இதைவிட நரகம் வேறில்லை. திடீரென்று எல்லோரும் கையை ஆட்டி அவர்கள் வீட்டுப் பாஷையில் கத்தினார்கள். உற்சாகம் என்று நினைத்து இன்னும் இரண்டடி பின்னால் வைத்தேன்.

தெருவில் தோண்டிப் போட்டிருந்த கேபிள் குழி. இடுப்பளவு. செத்தேன் என்றே நினைத்தேன், ஆனாலும் கேமராவை விடவில்லை. பெண் கொஞ்சம் குள்ளம். அவளுடைய அப்பா குனிந்து, குரலை இறக்கிக் கேட்டார்: "தம்பி, குழிக்குள்ள இருந்து எடுத்தீகளே, அதுல பொண்ணு நல்லா உசரமா தெரியுமா?"

எழவு வீட்டு குளோசப்

வண்டியூரில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். ஒரே மகன் சிங்கப்பூரில், வர முடியவில்லை. "தம்பி பாக்கணும், நல்லா கிட்டத்துல எடுங்க" என்றார் மகள். கூட்டத்தில் ஸ்டாண்டு வைக்க இடமில்லை. தோளில் வைத்தபடி முகமும் நெஞ்சு மாலையும் மட்டும் தெரிய ஜூம் பண்ணினேன். எனக்குப் பிணமென்றால் ஆகாது. மூச்சை அடக்கவே முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்த மகன் கேசட்டோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. அவரே டெக்கில் போட்டார். டிவியில் பெரியவரின் மாலை மெல்ல ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. "பாருங்க, அப்பா மூச்சு விடுறாரு. உசுரோடயாண்ணே கொண்டுபோய் எரிச்சோம்?"

வேலை, கல்யாணம் எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை. இந்த மனுசனை எப்படியாவது தேற்ற வேண்டும். கேமராவை வயரால் டிவியில் மாட்டி, தோளில் வைத்து, மூலையில் இருந்த இரும்புப் பீரோவை ஜூம் பண்ணினேன். நடிக்க வேண்டிய தேவையே இல்லை, அப்போதும் பயந்துதான் கிடந்தேன். டிவியில் பீரோ ஏறியது, இறங்கியது, ஏறியது.

"அது அப்பா மூச்சில்லண்ணே, என் மூச்சு" என்றேன். முதலாளி பக்கத்தில்தான் இருந்தார், கேமராவைப் பிடுங்கவில்லை. மகன் எழுந்துபோய்ப் பீரோவின் மேல் கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பிறகு கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நம்புறேண்ணே. ஆனா கண்ண மூடுனா எனக்குப் பீரோவா வருது? அப்பாதான வாராரு."

அன்றிலிருந்து எழவு வீட்டுக்குப் போகும்போது கேமராவை மறந்தாலும் மறப்பேன், ஸ்டாண்டை மறந்ததில்லை.