வெள்ளம் வடிந்த காலை

வீடு எங்கே என்று யார் கேட்டாலும் "மாதுங்கா" என்பாள் அஃப்ஷா. மும்பையில் தாராவி என்று சொல்லக் கூசி, பக்கத்து வசதியான பகுதியின் பெயரைச் சொல்வது கல்லூரியில் தொற்றிக்கொண்ட பழக்கம். செம்பூரில், அணைகளைச் சரிபார்த்துச் சொல்லும் கம்பெனியில் இன்ஜினியரான பிறகும் போகவில்லை. தாராவி வீட்டுக்குள் நுழைந்தால் உம்மா கேலி செய்வாள்: "மாதுங்கா மகாராணி வந்தாச்சி, வழிய விடுங்க."

ஒரு மண் அணை வேலை வந்தது. மழையில் நிரம்பி, கோடைவரை மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அணை. இனி அப்படியில்லை. பகலில் சூரிய மின்சாரம் போதும். மாலையில் தண்ணீரை வேகமாகத் திறந்து மின்சாரம் எடுத்து, மறுநாள் கீழிருந்து பம்ப் செய்து நிரப்புவார்கள். நீர்மட்டம் தினமும் ஏறி இறங்கும்.

பழைய கணக்கே போதும் என்று மீட்டிங்கில் பேச்சு வந்தபோது, அஃப்ஷாவோடு வேலை பார்த்த ஷ்யாமளா ஒருத்திதான் மறுத்தாள். "தண்ணி சட்டுனு இறங்கிடும் சார். கரை மண்ணுக்குள்ள ஊறினது அவ்வளவு சீக்கிரம் வடியாது. வெளியில முட்டுக்கொடுத்த தண்ணியும் இல்லேன்னா உள்சரிவு வழுக்கிடும். புதுசா கணக்குப் போடணும்."

மேலாளர் சுப்ரமணியன் சிரித்தார். "அதெல்லாம் புஸ்தகத்துல இருக்கும்மா. இத்தனை வருஷமா நிக்கற அணை. தண்ணி இறங்கினதும் கரை சரிஞ்சதை யாராவது கண்ணால பாத்திருக்கேளா? அஃப்ஷா, நீ?"

பார்த்திருக்கிறாள். வீட்டோரம் ஓடும் நாலா என்ற சாக்கடைக் கால்வாய் பொங்கி, சந்துக்குள் இடுப்பளவு வெள்ளம் நின்றபோதெல்லாம் அசையாத கரை, வெள்ளம் வடிந்த காலையில் அவர்கள் வீட்டுக் கழிப்பறையோடு சரிந்து விழுந்தது. ஆனால் எங்கே பார்த்தாய் என்று அடுத்துக் கேட்பாரே? ஷ்யாமளா இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்," என்றாள் அஃப்ஷா.

பழைய கணக்கோடு அறிக்கை போனது. ஷ்யாமளாவை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவளே ராஜினாமா செய்தாள். அடுத்த மழைக்குப் பின், அணையின் உள்சரிவில் ஒரு பகுதி, பதித்த கற்களோடு தண்ணீருக்குள் இறங்கியது. அணைக் காவலாளி கண்ணில் பட்டதால் மின் உற்பத்தியை உடனே நிறுத்தினார்கள். கரை தப்பியது. கீழே இருந்த ஊர்களும் தப்பின. அவற்றின் பெயர்களை அஃப்ஷா அன்றுதான் வரைபடத்தில் முதன்முதலாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் காது சுட்டது. படித்துப் பட்டம் வாங்கியது இதற்குத்தானா?

ஷ்யாமளா போன் செய்தாள். குரலில் கோபமே இல்லை. "கேள்விப்பட்டேன்டி. நான்தான் தப்போன்னு ரொம்ப நாள் குழம்பிண்டிருந்தேன். அன்னிக்கு உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"டிரெயின்ல இருக்கேன், சரியா கேக்கல. நானே கூப்பிடுறேன்," என்றாள் அஃப்ஷா, தன் மேசையில் உட்கார்ந்தபடி.

இன்னும் கூப்பிடவில்லை.