அப்பா பாரத்தில் எழுதிய காரணம்

எங்கள் கரும்பு டவுனிலிருந்து அந்த வருடம் அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைத்தது எனக்குத்தான். சர்க்கரை ஆலை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, சீருடைக்கு அளவெடுக்கும்போது தையற்காரரின் பக்கத்திலேயே நின்றார்.

மூன்று மாதம்கூடப் போகவில்லை. ஃபிஜித் தலைநகர் சுவாவில் பூர்வகுடியினரின் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது என்று ரேடியோ சொன்னது. பள்ளிகளை மூடினார்கள். திறந்த அன்று இந்தியப் பிள்ளைகளை மட்டும் வாசலில் நிறுத்தி, நிலைமை அடங்கும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். உள்ளே மற்றவர்களுக்குப் பாடம் நடந்தது.

இரண்டு வாரம் பொறுத்த அப்பா, என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய், எப்போது சேர்த்துக்கொள்வீர்கள் என்று தலைமையாசிரியரைக் கேட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

"உங்க ஆளுங்களுக்குத்தான் தனி இஸ்கூல் இருக்கே. அங்க போட்டுடுங்க. பொண்ணுக்கும் பாதுகாப்பு" என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

"சரிங்க சார்" என்றார் அப்பா. அந்தச் சரியை நான் பல வருடம் மன்னிக்கவில்லை.

கிர்மிட் என்ற கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தத்தில் வந்த மதராஸ்காரர்களின் பிள்ளைகள் தகரமும் பலகையும் சேர்த்துக் கட்டிய பள்ளி எங்களுடையது. சேர்க்கைப் பாரத்தில் ஒரு கேள்வி: இந்தப் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? 'தமிழ் படிக்க' என்று எழுதினார் அப்பா. வீட்டில் நாங்கள் பேசியது இந்தி. தமிழ் கோயிலுக்கும் அப்பாவின் திட்டுக்கும்தான்.

"பொய் எழுதறீங்க."

"வேற என்னம்மா எழுதறது? வெரட்டிட்டாங்கன்னு எழுதவா?"

வகுப்பில் என் பெஞ்சில் ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பூர்வகுடி ஃபிஜியப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் என்ன செய்வாள், பாவம். ஆனால் எனக்குக் கோபத்தைக் காட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது. பிறகு கேட்டேவிட்டேன்: "அரசாங்க இஸ்கூல்ல ஒன்ன யாரும் நிறுத்த மாட்டாங்களே, இங்க எதுக்கு வந்தே?"

"இங்கதான் கணக்கு மாஸ்டர் நல்லா சொல்லித்தராரு. எங்கம்மா விசாரிச்சுதான் சேத்தாங்க" என்றாள்.

எங்கள் வகுப்பில் அந்தப் பள்ளியை உண்மையில் தேர்ந்தெடுத்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் கணக்கு மாஸ்டர் பரீட்சைக்கு முந்தின பருவத்தில் ஆக்லாந்தில் குடியேறப் போய்விட்டார். "நம்ம பள்ளிய நாமதான் காப்பாத்தணும்" என்று மேடையில் முழங்கிய பள்ளிக் கமிட்டித் தலைவர் அதற்கும் முன்பே தன் பிள்ளைகளைச் சிட்னிக்கு அனுப்பியிருந்தார். பின்னாலேயே தானும் கிளம்பினார். மார்டின்டார் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் அவருக்கு விருந்து, மாலை எல்லாம். அதே வாரம் எங்கள் கரும்பலகையில் யாரும் ஒரு கணக்கும் போடவில்லை. எங்களைத் துரத்தியவர்கள் மேல் இருந்த கோபத்தைவிட அந்தத் தலைவர் மேல் வந்த கோபம் பெரிது.

நானும் அந்த ஃபிஜியப் பெண்ணும் பழைய கேள்வித்தாள்களை வைத்து மாறி மாறிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டோம். இருவரும் தேறினோம். அவளுக்கு என்னைவிடப் பதினோரு மதிப்பெண் அதிகம்.

பிறகு அந்தப் பள்ளியிலேயே கணக்கு ஆசிரியையானேன். மறுபடி துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்த வருடம், முன்பே குடியேறிப் போயிருந்த அண்ணன் பிரிஸ்பேனிலிருந்து விசா பாரங்களை அனுப்பினான். நான் நிரப்பவில்லை. அதை நாட்டுப்பற்று என்று யாராவது புகழ்ந்தால் எரிச்சல்தான் வருகிறது. எங்கள் ஆசிரியர்களில் நான்கு பேர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார்கள். ஐந்தாம் படிவ வகுப்புக்குக் கணக்கு எடுக்க என்னை விட்டால் ஆளில்லை.