பூட்டிய கோயிலுக்குள் இரண்டு பேனாப் பைகள்

சாதாரணமாக ஒரு நாளுக்கு அரைப் பக்கம்தான் நாட்குறிப்பு எழுதுவேன். என் மகள் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வில் உயிரியல் தாள் எழுதிய நாளுக்கு மட்டும் மூன்று பக்கம் இருக்கிறது. அவற்றில் ஒன்றரைப் பக்கம் என் தவற்றைப் பற்றியது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு பள்ளியில் நடந்த முன்னோட்டத் தேர்வில், இரத்தம் உறைவது பற்றிய கட்டுரைக் கேள்விக்கு அவள் கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டு, பக்கத்தை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். தெரியாமல் இல்லை. முதல்நாள்தான் துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் முழுவதையும் ஒப்பித்தாள். "பரீட்சை மண்டபத்துல உக்காந்ததும் ஒண்ணுமே வரலம்மா" என்றாள். அவளுக்கு மருத்துவமனையில் தாதியாக வேண்டும். அதற்கு உயிரியலில் நல்ல தேர்ச்சி வேண்டும். இந்த முறையும் ஒரு பக்கம் அப்படி வெறுமையாகத் திரும்புமோ என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், ஈஜோக்கிலிருந்து உள்ளே போகும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில். பள்ளி கோலா சிலாங்கூரில். எதிர்வீட்டுப் பெண்ணும் அதே பள்ளி, அதே வகுப்பு. அவள் தாயார் விடியற்காலை வேலைக்குப் போகிறவர் என்பதால், தேர்வு நாட்களில் இருவரையும் என் காரில் அழைத்துப் போவதாக ஏற்பாடு.

தேர்வுக்கு முந்தைய மாலை பேனா, தேர்வுச் சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் தோட்டத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஐந்து மணிக்கு இவையெல்லாம் இருந்த, உள்ளே தெரியும் கண்ணாடித்தாள் பைகள் இரண்டையும் சரிபார்த்துப் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறியிட்டேன். ஐந்தரைக்குப் பைகளோடு கோயிலுக்குப் போனேன். பெண்கள் வீட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். பூசாரி பைகளை வாங்கி உள்ளே தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினார். திருநீறு வாங்கும்போது மழை பிடித்தது. வீட்டுக் கொடியில் ஒரு வாரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஓடினேன்.

மறுநாள் காலை பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் எதிரே குறி இருந்தது. ஆறு இருபதுக்குக் கிளம்பினோம்.

பின் இருக்கையில் கைப்பேசி வெளிச்சத்தில் இருவரும் குறிப்பு பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. என் மகளுக்குப் பயம் வந்தால் வாயே திறக்காது.

"பிளேட்லெட் என்னாடி ரிலீஸ் பண்ணும்?"

மகள் குறிப்பில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"த்ரோம்போகைனேஸ். சொல்லுடி. இதையே நேத்து நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்த."

"தெரியும்டி. இப்ப கேக்காத."

"சரி, கிட்னி. நெஃப்ரான் நான் வரையறேன், நீ பேர் போடு. பேனாவை எடு."

பை துழாவும் சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல். "ம்மா. பேனாப் பை எங்க?"

மணி ஆறு முப்பத்தொன்று. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கற்பூர வெளிச்சத்தில் அந்தத் தட்டு அப்படியே கண்முன் வந்தது.

"கோயில்ல" என்றேன்.

"அலாமா!" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "ஆன்ட்டி லிஸ்ட்ட ஃபிரேம் போட்டு மாட்டலாம் லா."

திரும்பி வந்து சேர்ந்தபோது ஆறு நாற்பத்திரண்டு. அம்மன் சன்னிதியின் இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. பூசாரிக்குப் பகலில் தொழிற்சாலை வேலை. கைப்பேசியில் அழைத்தேன்.

"ஐயோ, சாவி என் பாக்கெட்டுலதான்ம்மா இருக்கு! பஸ்ஸு புக்கிட் பெருந்துங் கிட்ட வந்திருச்சே. நீங்க எடுத்துட்டுப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன், உள்ள திரும்பிப் பாக்கல."

காரின் விளக்கைச் சன்னிதிப் பக்கம் திருப்பி நிறுத்தினேன். கதவிலிருந்து ஏழெட்டு அடி உள்ளே, தட்டில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் இரண்டு பைகளும் பளபளவென்று தெரிந்தன. என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவற்றையே பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. பேனா போனால் வேறு வாங்கலாம். சீட்டும் அடையாள அட்டையும் இல்லாமல் மண்டபத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட, ஏற்கெனவே பயந்துபோனவளை நானே இன்னும் கலக்கிவிட்டேன் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"இதுதான்டி ஃபைட் ஆர் ஃபிளைட்" என்றாள் மற்றவள். "பூசாரி ஃபிளைட் எடுத்துட்டாரு. மிச்சம் நமக்கு."

மகள் சிரிக்கவில்லை.

அப்போது செம்பனைக் குலை அறுக்கும் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் மோட்டார் சைக்கிளில் நீளமான அலுமினியக் கம்பைக் கட்டிக்கொண்டு வந்தார். விளக்கொளியைப் பார்த்து நிறுத்தி, என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். பைகளைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார். பிறகு கம்பின் நுனியிலிருந்த அரிவாளைக் கழற்றித் தரையில் வைத்தார். யாரும் சொல்லாமலே காலணியையும் கழற்றினார். ஆனால் கம்பை அவராகச் சன்னிதிக்குள் நீட்டவில்லை. முன்பக்கத்தை என் மகள் கையில் கொடுத்து, பின்பக்கத்தைத் தான் தாங்கிக்கொண்டார்.

பைகளில் மணிக்கட்டில் மாட்டும் நாடா உண்டு. கம்பின் நுனி அந்த நாடாவுக்குள் நுழைய வேண்டும். முதல் முறை தட்டில் மோதியது. இரண்டாம் முறை எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியது.

"பெலான், பெலான்" என்றார் அவர். மெதுவாக, மெதுவாக.

"அம்மன் மேல படாமடி!"

"நீ கொஞ்சம் வாய மூடு! லெஃப்டுல இன்னும் எவ்ளோ இருக்கு, அதை மட்டும் சொல்லு."

"ஒரு விரல். அரை விரல். நிறுத்து. உள்ள போயிருச்சுடி!"

மகள் நுனியை மேலே தூக்கச் சொல்ல, அவர் பின்பக்கத்தைத் தாழ்த்தினார். பை கம்பு வழியே சறுக்கிக்கொண்டு நேராக அவள் கைக்கே வந்தது. கம்பிகளுக்கு இடையே பக்கவாட்டில் திருப்பி வெளியே இழுத்தாள். இரண்டாவது பை ஒரே முயற்சியில் வந்தது. எதிர்வீட்டுப் பெண் விசில் அடித்தாள். அந்தத் தொழிலாளி சிரித்துக்கொண்டே அரிவாளை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். நன்றியைச் சரியாகச் சொல்வதற்குள் போய்விட்டார்.

மணி ஆறு ஐம்பத்தாறு.

வழியில் நான் வேகமாக ஓட்டினேன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் இப்போது கேள்வி கேட்டவள் என் மகள்தான். "ஃபைப்ரினோஜென் என்னாவா மாறும்? சொல்லு. விட்டமின் கே எங்க வரும்?" மற்றவள் தடுமாறினாள். "ஏய், நீ பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சுடி" என்று அலுத்துக்கொண்டாள். ஏழு முப்பத்தேழுக்குப் பள்ளி வாசலில் இறங்கினார்கள். மகள் மூன்றடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து என் சன்னலில் குனிந்தாள். "நீங்க பயப்படாதீங்கம்மா" என்றாள்.

அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். ஆற்றோரக் கடையில் ஒரு தேநீரை ஐம்பது நிமிடம் குடித்தேன். பிறகு காரில் உட்கார்ந்து, முன்னோட்டத் தேர்வின் அந்தப் பக்கத்தை நினைக்காமலிருக்க முயன்றேன். முடியவில்லை.

உயிரியலின் இரண்டு தாளும் முடிந்து வெளியே வந்தவர்கள் விடைகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். காரில் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை. நான் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. கடைசியில் இடையில் புகுந்து கேட்டேன். "கட்டுரை?"

"இரத்தம் உறையறது வரவே இல்லம்மா. கிட்னிதான் வந்துச்சு."

"எழுதினியா?"

"எழுதினேன். கொடுத்த பக்கம் முடிஞ்சிருச்சு. கை தூக்கி இன்னொரு தாள் கேட்டேன்."

"பக்கத்துல இருந்து பாத்தேன் ஆன்ட்டி, என் வயிறே எரிஞ்சிருச்சு" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

பிறகு மகள் அந்தக் கூடுதல் தாளில் என்னென்ன எழுதினாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். தண்ணீர் குறைந்தால் மூளை எதை அனுப்பும், சிறுநீரகம் எதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், எந்தக் குழாயின் சுவரில் என்ன நடக்கும் என்று ஈஜோக் வரும்வரை சொன்னாள். பாதிதான் புரிந்தது. வழக்கமாகப் போடும் வானொலியை நான் போடவில்லை.