நம்பர் டூ மாத்தியாச்சி

"சோறு ஹாபிஸ் ஆச்சி." மில் கேன்டீனில் நான் தட்டோடு நின்றபோது, பின்னால் வந்து இப்படிச் சொல்லிவிட்டு, தன் பொட்டலத்தில் பாதியை என் தட்டில் கொட்டியவர்தான் அபாங். மலாயில் ஹாபிஸ் என்றால் தீர்ந்துவிட்டது. அபாங் என்றால் அண்ணன். காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. அவர் அங்கே சார்ஜ்மேன், அதாவது ஆலையின் மின்சார வேலை முழுவதற்கும் பொறுப்பானவர். மலாய்க்காரர்தான், ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்தவர். எந்த மலாய்ச் சொல்லாக இருந்தாலும் வாலில் ஓர் 'ஆச்சி'யை ஒட்டிவிட்டால் அது தமிழாகிவிடும் என்பது அவர் கண்டுபிடித்த இலக்கணம். லாரி வந்து சேர்ந்தால் "லாரி சம்பாய் ஆச்சி." வேலை முடிந்தால் "சியாப் ஆச்சி." நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார், திருத்திக்கொள்ள மட்டும் மாட்டார். திருத்த வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை. நாங்கள் பேசிய தமிழ் மட்டும் என்ன வாழ்ந்தது?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அந்த ஆலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும் என்று அம்மா சொல்வார். அம்மா சொன்னது குறைவு. முதல் மாதம் ஸ்பேனரை எடுத்துத் தரவா என்று குழைந்தவர்கள் எல்லாரும் இரண்டாம் மாதம் என் மேசைப் பக்கம் வரவே யோசித்தார்கள். அபாங் மட்டும் வருவார், தங்கச்சி என்பார், திட்டு வாங்குவார், போவார்.

என் பொறுப்பில் இருந்தது இதுதான். ஆலை முழுக்க ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்த சின்னச் சின்னப் பெட்டிகள். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். பாய்லரின் தண்ணீர் மட்டம், நீராவி அழுத்தம், உலர்த்தியின் சூடு என்று ஒவ்வொரு பெட்டியும் ஒன்றை அளந்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கட்டுப்பாட்டு அறையில் உள்ள கணினி, பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப் பதிவு எடுப்பது போல ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிடும். கூப்பிடப்பட்ட பெட்டி மட்டும் தன் அளவைச் சொல்லும், மற்றவை வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் சமாச்சாரம். ஒழுங்கான வகுப்பாக இருக்கும்வரை அதைப் போல நிம்மதியான வேலை கிடையாது.

ஒருநாள் சாயங்காலம் பாய்லர் அறையின் இரண்டாம் எண் பெட்டி சூட்டில் தளர்ந்து தப்புத் தப்பாக அளக்க ஆரம்பித்தது. புதிதாக ஒன்றை எடுத்து, எண்ணை இரண்டில் வைத்து, மாட்டினேன். நன்றாக வேலை செய்தது. வாக்கி-டாக்கியில் எல்லாரும் கேட்கும்படி, "நம்பர் டூ மாத்தியாச்சி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றிரவே அபாங்கின் மனைவிக்கு இடுப்புவலி கண்டு, மனைவி இருந்த மூவாருக்கு அவர் கிளம்பிப் போய்விட்டதாக மறுநாள் சொன்னார்கள்.

மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் பகுதியான கெர்னல் பிளாண்ட் ஓட ஆரம்பித்ததும், கணினித் திரையில் எண்கள் எல்லாம் தள்ளாடின. சில வந்தன, சில கோடு கோடாக நின்றன. தண்ணீர் மட்டம் தாறுமாறாக ஏறி இறங்கியது. கெர்னல் பிளாண்ட் நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த நாளும் அதே கூத்து. பாய்லருக்கு ஆபத்தில்லை, அதற்குத் தனிக் காவல் உண்டு. ஆனால் பாய்லர்காரர் வெந்து வியர்த்து, கண்ணாடிக் குழாய் முன்னாலேயே நின்று தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பார்வை ஒன்று பார்ப்பார், அதற்குத் திட்டே தேவலை.

நான் சும்மா இருந்தேனா? கெர்னல் பிளாண்டின் பெரிய மோட்டார்களிலிருந்து மின்சார இரைச்சல் கம்பிக்குள் புகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். கம்பியின் உறையைப் பார்த்தேன், எர்த் பார்த்தேன், ஒவ்வொரு மூட்டாகத் திறந்து முறுக்கினேன், கம்பியை மோட்டார்ப் பக்கத்திலிருந்து தள்ளிப் போட்டேன். ஒன்றும் அசையவில்லை. அதற்குள் ஜோகூர் பாருவிலிருந்து, எங்கள் வாயில் ஜேபி, ஒரு கம்பெனியின் ஆளை மேனேஜர் வரவழைத்துவிட்டார். வந்தவர் நல்ல மனிதர், கெட்டிக்காரர்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். கம்பி பழசு, மொத்தத்தையும் மாற்றுவது நல்லது. இரண்டாவது, பிரச்சினை தொடங்கியது இரண்டாம் எண்ணை மாற்றிய பிறகுதான்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். தமிழர்தான், குரலை உயர்த்தாமல் பேசுபவர். அதுதான் பயம். "கோவிச்சுக்காதீங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலனா எல்லாத்தையும் ஜேபி கம்பெனிகிட்ட குடுத்திடுறோம். ஒங்களுக்கு வேல போவாது. லாரி எடை போடுற ஆபீஸ்ல எடம் இருக்கு" என்றார். ஏசி அறை, நாற்காலி, நிழல் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். எனக்குக் காது அடைத்துவிட்டது. லாரி எடை போடவா நான் டிப்ளோமா படித்தேன்? ஒரு பொம்பளப் பிள்ளையை வைத்தார்கள், சரிப்படவில்லை என்ற பேச்சு பட்டறையில் நின்றுவிடும். எனக்குப் பிறகு இன்னொருத்தியை அந்தக் கதவுக்குள் விடமாட்டார்கள். அன்று கழிப்பறையில் நின்று அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, காரணமே இல்லாமல் ஸ்டோர்க்காரரைத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை கெர்னல் பிளாண்ட் ஓடிக்கொண்டிருந்தது, திரை தள்ளாடிக்கொண்டிருந்தது. மேனேஜரும் ஜேபிக்காரரும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார்கள். ஜேபிக்காரர் மறுபடியும் மெதுவாக, "அந்த நம்பர் டூ..." என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. "நான் மாட்டுனதுதானே ஒங்களுக்கு உறுத்துது? இப்பவே கழட்டுறேன். அது இல்லாமலே இப்படித்தான் இருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பாய்லர் அறைக்குப் போனேன். என் பெட்டி நிரபராதி என்று காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். சொருகியை இழுத்தேன். பெட்டி கையோடு வந்தது.

வாக்கி-டாக்கியில் மேனேஜரின் குரல். "எல்லாம் வந்துருச்சிம்மா. பன்னெண்டு ஒண்ணுதான் கோடா நிக்குது, மத்தபடி திரை சுத்தமா இருக்கு."

அப்படியானால் குற்றவாளி என் பெட்டிதான். எடை போடும் ஆபீஸ் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. மேனேஜர் மறுபடி பேசினார். "ஒண்ணு வருது, ரெண்டு வருது, மூணு வருது..."

"சார், ரெண்டு வருதா?"

"வருதேம்மா. ரொம்ப நல்லா வருது."

இரண்டு என் உள்ளங்கையில் இருந்தது. கரண்டும் இல்லை, கம்பியும் இல்லை. பிறகு யார் அங்கே இரண்டு என்று பதில் சொல்வது? பாய்லர் அறையின் அந்தப் பேரிரைச்சலில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். பாய்லர்காரர் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்திருப்பார். ஒரே வகுப்பில் ஒரே பேரில் இரண்டு பிள்ளைகள். டீச்சர் கூப்பிட்டதும் இரண்டும் சேர்ந்து கத்துகின்றன, அந்தக் கூச்சலில் மற்ற பிள்ளைகள் பேசுவதும் கேட்கவில்லை. என் பிள்ளையை வெளியே தூக்கியதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. இன்னொரு இரண்டு, கெர்னல் பிளாண்டுக்குக் கரண்டு வரும்போது மட்டும் கண் விழிக்கிறது.

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கெர்னல் பிளாண்டின் மின் அலமாரியைத் திறந்தால், வரிசையில் இரண்டாவதாக ஒரு புத்தம் புதுப் பெட்டி உட்கார்ந்திருந்தது. எண் இரண்டில் வைத்திருந்தது. அங்கே இருக்க வேண்டியது பன்னிரண்டு. மேனேஜரும் ஜேபிக்காரரும் என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஜேபிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. "யார் மாட்டுனது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று இத்தனை நாள் என்னைப் படுத்தியவன் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அபாங் வந்தார். விடுப்பு முடிந்து, முகமெல்லாம் பல்லாக, ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு. "பொம்பளப் புள்ள, தங்கச்சி. லாஹிர் ஆச்சி" என்றார். பெண் குழந்தை பிறந்துவிட்டது. பிறகுதான் எங்கள் முகங்களையும் திறந்து கிடந்த அலமாரியையும் பார்த்தார். "அலமாக், அது மறுபடி கெட்டுப் போச்சா? நான் புதுசுதானே போட்டேன்."

"நீங்களா போட்டீங்க?" என்றேன்.

"நீதானே லா வாக்கி-டாக்கில சொன்ன. நான் இங்கதான் நின்னேன். நம்பர் டூ மாத்தின்னு."

"மாத்தின்னு எங்க சொன்னேன்? மாத்தியாச்சின்னு சொன்னேன், அபாங்."

"அதான் லா. மாத்தி. ஆச்சி."

மலாயில் மாத்தி என்றால் செத்துப்போனது. வாலில் ஆச்சியும் இருந்தது. அவருடைய இலக்கணப்படி நான் சுத்தமான தமிழில், நம்பர் டூ செத்துவிட்டது என்று அறிவித்திருக்கிறேன். மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று தொலைபேசி வந்த பிறகும், தங்கச்சி சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஸ்டோருக்கு ஓடி, புதுப் பெட்டி எடுத்து, தான் நின்ற கெர்னல் பிளாண்டின் அலமாரியில் இரண்டாவதாக இருந்ததைப் பிடுங்கிவிட்டு, மறக்காமல் எண்ணை இரண்டில் வைத்து மாட்டியிருக்கிறார். பிடுங்கிய பெட்டிக்கு, கெட்டுவிட்டது என்று அட்டையும் கட்டி வைத்திருக்கிறார். அது கல்லுக்குண்டு மாதிரி இருந்தது, பாவம்.

நான் திட்ட வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. நிற்கவே இல்லை, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அபாங் சிரிக்கவில்லை. நடந்ததை ஜேபிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மேனேஜர் முன்னால் போய் நின்றார். அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலும் யாரும் பெரிதுபடுத்தியிருக்க மாட்டார்கள். "பாஸ், தப்பு என்னோடது. எடை ஆபீசுக்கு ஆள் வேணும்னா நான் போறேன். தங்கச்சி பட்டறையிலதான் இருக்கணும். இந்த மில்லுல இத கண்டுபிடிக்க வேற யாருக்கு வரும்?" என்றார். அதில் ஒரு மலாய்ச் சொல்கூட இல்லை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு தமிழை அதற்கு முன் நான் கேட்டதே கிடையாது.

மேனேஜர் தட்டிலிருந்து ஒரு பலகாரத்தை எடுத்துக் கடித்தபடி, "யாரும் எங்கயும் போவ வேணாம். பன்னெண்ட மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். பழைய பெட்டியை அபாங் மாட்டினார், என் இரண்டை நான் மாட்டினேன். கெர்னல் பிளாண்ட் முழுச் சத்தத்தில் ஓட, திரையில் ஓர் எண்கூட அசையவில்லை. பாய்லர்காரர் கண்ணாடிக் குழாயை விட்டு வந்து, பல நாளைக்குப் பிறகு உட்கார்ந்து தேநீர் குடித்தார். ஜேபிக்காரர் என் கையைக் குலுக்கி, இந்தக் கம்பி இன்னும் நெடுநாள் வரும் என்று தானாகவே மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் பட்டறைக்குள் நடந்த நடையை யாராவது படம் பிடித்திருக்க வேண்டும். அவ்வளவு திமிர்.

இப்போது அந்தப் பிரிவுக்கு நான்தான் தலைமை. என் கீழ் வேலை செய்பவர்களில் இரண்டு பேர் பெண்கள். அபாங் பெக்கோக் பக்கம் வேறோர் ஆலைக்குப் போய்விட்டார். போன மாதம் அந்த ஆலையில் இதே போல் எண்கள் தள்ளாட, ஜோகூர் பாருவிலிருந்து ஆள் வரவழைக்கச் சொல்லியிருக்கிறார் அவருடைய மேனேஜர். அபாங் எனக்குத்தான் போன் போட்டார். எங்கள் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, கருவிப் பெட்டியோடு போய் இறங்கினேன். கட்டுப்பாட்டு அறை வாசலிலேயே அவருடைய மேனேஜர் நின்றிருந்தார். என்னைத் தாண்டிப் பின்னால் யாரையோ தேடிவிட்டு, "ஜேபி கம்பெனி ஆளு எங்க?" என்று அபாங்கைக் கேட்டார்.

"அவங்க வர மாட்டாங்க, பாஸ். அவங்களையே திருப்பி அனுப்புன ஆளு வந்தாச்சி."