பன்னிரண்டு மணிச் சங்கு

நான் மெட்டமைத்த பள்ளிக்கூடக் கீதம் திருகோணமலைத் துறைமுகச் சங்கின் சுருதியில் அமைந்தது. வேண்டுமென்று செய்ததல்ல. பள்ளிக்கூடத்துச் சுருதிப்பெட்டியின் தோலைக் கரப்பான் தின்றுவிட்டது. புதிது கேட்டால் அதிபர், "பெட்டிக்குக் காத்துத்தானே தேவை, ரீச்சர். கடக்கரையில காத்துக்கு என்ன குறை?" என்பார். அந்த மனிதரோடு அதற்கு மேல் என்ன கதைப்பது?

ஆனால் துறைமுகத் தொழிலாளர் சாப்பாட்டுக்குப் போவதற்காகப் பன்னிரண்டு மணிக்கு ஊதும் சங்கு அப்பழுக்கில்லாத ஐந்து கட்டைச் சுருதி. என் பாடத்தை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். சங்கு ஊதும்; பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவார்கள். இடையில் ஏதாவது கப்பல் ஊதினால் அதற்கும் வாயைத் திறப்பார்கள். "அது கப்பல், மூடுங்கோ" என்று அடக்குவேன்.

இரண்டு வருடமாகத் தற்காலிக ஆசிரியையாக இருந்த என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்க்கச் சங்கீத வித்தியாதிகாரி வந்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. என் அதிர்ஷ்டத்தை நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன். பன்னிரண்டு அடித்தது. சங்கு ஊதவில்லை. அன்றைக்கென்று துறைமுகத்தில் வேலைநிறுத்தமாம். பியோன் சாவகாசமாக வந்து சொன்னான்.

நானே ஷட்ஜம் பிடித்துக் காட்டினேன். நாற்பது பிள்ளைகளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் பாடேல்லை?" என்று அதிகாரி கேட்டார்.

"இன்னும் சங்கு ஊதேல்லை, சேர்" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்கள் சங்கு மாதிரி ஊதுங்கோவன், ரீச்சர்" என்றார்.

"எனக்கு ஏலாது, சேர். நான் முறையாச் சங்கீதம் படிச்சனான்."

வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அவர் கதிரையை விட்டு எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஜன்னலடிக்குப் போய், இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். பிள்ளைகள் ஒன்றாகத் தொடங்கினார்கள்.

அவர் ஊதியது அரைக் கட்டை குறைவு. பிள்ளைகளும் அந்தக் குறைவிலேயே கடைசி அடிவரை பிசகாமல் பாடினார்கள். மயிரிழை விலகினாலும் அடிக்க அடிமட்டத்தைத் தூக்குகிறவள் நான்.

"சுருதி சரிதானே, ரீச்சர்?" என்று அவர் வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்.

சற்று முன் போனால் போகட்டும் என்று நினைத்த வேலை இப்போது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"ஓம் சேர், நல்ல சரி" என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன்.

நியமனம் உறுதியானது. வேலைநிறுத்தம் முடிந்து சங்கு மறுபடி ஊதிய நாளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ரீச்சர், சங்கு சுருதி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள் அதே முன்வரிசைச் சிறுமி.

அரைக் கட்டை இறக்கி நானே ஷட்ஜம் பிடித்துக் கொடுத்தேன்.