மலையைத் தாய் என்று பாடிய மாஸ்டர்

இன்று பின்னேரம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலைச்சரிவில் வெடிப்பு விழுந்தது. மழையும் விடவில்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுங்கள் என்று கிராம சேவகர் சொல்லிவிட்டுப் போனார்.

போவதா வேண்டாமா என்று கோயிலில் கூடிப் பேசினோம். திருவிழாவில் கவிதை வாசிக்கும் மாஸ்டரும் வந்திருந்தார். மைக்கைப் பிடித்தார்.

“மலை நம்ம தாய். இத்தனை வருஷமா மடியில வச்சிருக்கா. பெத்தவ பிள்ளைய விழுங்குவாளா?”

ஒரே கைத்தட்டல். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் எழுந்து கேட்டேன்: “மாஸ்டர், இன்னைக்கு ராத்திரி நீங்க எங்க படுப்பீங்க?”

“பதுளை டவுன்ல, எங்க வீட்டுல.”

“அப்ப தாய் மடி எங்களுக்கு மட்டும்தானா?”

“ஏய், பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது? உக்காரு!” என்று பக்கத்து வீட்டு மாமா கத்தினார்.

அந்த மலை யாரையும் பெறவில்லை. காட்டை அழித்துத் தேயிலை நட்ட மண் அது. மழைத்தண்ணீர் இறங்கும் கான்களைத் தோட்டத்தில் யாரும் துப்புரவாக்குவதில்லை. தாய் என்று பாடிவிட்டால் அதைப் பற்றி யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

யாரும் கிளம்பவில்லை. அம்மா அடுப்பில் உலை வைக்கிறாள். “மலை ஒண்ணும் செய்யாது, நீ சும்மா கத்தாத” என்கிறாள்.

மலைக்கு வேறு உவமை தெரிந்தவர்கள் உடனே கீழே எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறேன். அழகாக இருக்க வேண்டியதில்லை. அம்மா பயந்தால் போதும்.