அழகாக விழுந்த ஒட்டு

சுலோஜனாவின் கைபேசி அடித்தபோது காலை ஐந்தே முக்கால். வெளியே கார்த்திகை மழை. களுதாவளையில் அவளுடைய வீட்டுக் கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் முதல் தடவை அது காதில் விழவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள். அழைத்தவன் நிதுர்ஷன். ஆவணி மாதம் அவளிடம் வெல்டிங் பயிற்சி முடித்துவிட்டுக் கல்குடாவில் ஹோட்டல் கட்டுமிடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவன். இருபத்து நான்கு வயது.

"மிஸ், பாதை இப்பவும் ஓடுதா?"

"ஓடாம? பரீட்சைப் புள்ளையளெல்லாம் அதுலதானே வருதுகள். என்ன விசயம்?"

"மிஸ், நேத்து இஞ்ச நான் ஒட்டின தூண் ஒண்ட சுப்பர்வைசர் வெட்டிப் பாத்தவர். உள்ளுக்குக் கம்பி இருந்திச்சு. இடைவெளி பெரிசாக் கிடந்தா நான் உள்ளுக்கு வெறுங் கம்பி ஒண்டு வச்சு மேலால ஒட்டுவன் மிஸ். மேலுக்குப் பாத்தா நல்லா இருக்கும். உள்ளுக்குப் பிடிச்சிருக்காது. பாதையிலயும் அப்பிடித்தான் மிஸ் செஞ்ச நான். இடது பக்கம், பின்னால உள்ள மிதவை. அடிப் பக்கத்து மூலை ஒட்டு."

சுலோஜனா கட்டிலில் இருந்து எழுந்து நின்றாள்.

வாவியின் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. இரண்டுக்கும் இடையில் புளியடித்துறையில் ஓடும் மிதவைத் தளத்தைத்தான் பாதை என்பார்கள். ஆறு இரும்பு மிதவைகளின் மேல் பலகைத் தளம் போட்டு, பக்கத்தில் ஒரு இயந்திரப் படகைக் கட்டி ஓட்டுவார்கள். ஆட்கள், சைக்கிள்கள், ஒரு சின்ன லொறி எல்லாம் அதில் ஏறும். இடது பக்கத்து இரண்டு மிதவைகள் துருப்பிடித்துப் போனதால், புதிதாகச் செய்து தரும் வேலையை உள்ளூர்ச் சபை தொழிற்பயிற்சி நிலையத்திடம் கொடுத்திருந்தது. பயிற்சியாளர்களுக்கு நல்ல அனுபவம் என்று சுலோஜனாவே ஆசைப்பட்டு வாங்கிய வேலை அது.

வேலையின் கடைசி வாரம் அவளுக்கு டெங்கு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் படுக்கை. திரும்பி வந்த அன்று மிதவைகள் இரண்டுக்கும் பச்சை வர்ணம் பூசி முடிந்திருந்தது. மறுநாள் திறப்பு விழா. காற்று அடைத்து, சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்த்ததாகப் படிவம் நிரப்பப்பட்டு மேசையில் கிடந்தது. நிலையத்தின் பொறுப்பாளர் சிவதர்ஷன் வாசலில் நின்றுகொண்டே, "டீச்சர், அந்தக் கையெழுத்து மட்டுந்தான் பாக்கி" என்றார். அவளுக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. வர்ணத்தின் மேல் ஒருதரம் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒட்டு வரிவரியாக, மீன் செதில் அடுக்கியதுபோல் அழகாக விழுந்திருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் ஆகிறது. சுலோஜனா நைட்டியின் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு தற்செயல். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் வயல்வட்டையிலே விளையாடி வளர்ந்த பிள்ளை. யுத்தம் ஓய்ந்து ஊருக்குத் திரும்பிய காலத்தில் தொழிற்பயிற்சி என்று ஒரு திட்டம் வந்தது. தையல் வகுப்புக்குப் பதியப் போனாள். இடம் நிரம்பிவிட்டது. வெல்டிங்கில்தான் இடம் இருக்கிறது என்றார்கள். முதல் வாரம் கண்ணுக்குள் மண்ணைக் கொட்டியதுபோல் எரிச்சலில் இரவிரவாக அழுதாள். தகப்பன் ஊராரிடம் மகள் கம்பியூட்டர் படிக்கிறாள் என்று சொல்லிவைத்தார். ஆறு மாதம் கழித்து அவள் கோயிலின் இரும்புக் கேற்றை ஒட்டிக் கொடுத்தபோதுதான் அந்தப் பொய்யை விட்டார். பிறகு பதினொரு வருடம் பட்டறை வேலை. கடைசி நான்கு வருடமாக இந்த நிலையத்தில் போதனாசிரியை. வகுப்பின் முதல் நாளில் அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: மேலால பாத்து நம்பாதீங்க.

மழையில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே அந்த வார்த்தைகளை நினைத்தவள் வேகத்தைக் கூட்டினாள்.

வழியில் இரண்டு தடவை நிறுத்திப் பாதையோட்டி நல்லரத்தினத்துக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மழைக்கு அவர் கைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். இயந்திரச் சத்தத்தில் அது கேட்காது. மூன்றாவது தடவை சிவதர்ஷனுக்கு அழைத்தாள். அவர் நித்திரைக் குரலில், "இண்டைக்கு நிப்பாட்டினா புள்ளையள் எப்பிடிப் பரீட்சைக்கு வாற? நீங்க ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுங்க" என்றார்.

துறைக்கு வந்து சேர்ந்தபோது ஆறே முக்கால். பாதை படுவான்கரையிலிருந்து புறப்பட்டு வாவியின் நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. வெள்ளத்தில் வாவி கலங்கிச் செம்மண் நிறத்தில் கிடந்தது. தூரத்திலேயே வெள்ளைச் சீருடைகள் தெரிந்தன. உயர்தரப் பரீட்சைக்கு வரும் பிள்ளைகள், நாற்பது பேருக்குக் குறையாது. பின்பக்கம் ஒரு மீன் லொறி. சுலோஜனா மழைநீரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பாதையின் பின்புற இடது மூலை மற்ற மூலைகளைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது.

கரையில் புஸ்பம் என்ற பெண் தன் தோணியிலிருந்து இறால் பிடிக்கும் கூடுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தனியாகத் தொழில் செய்பவள்.

"அக்கா, என்னைப் பாதைக்குக் கொண்டு போங்க. சுறுக்கா."

"அது இஞ்சதானே புள்ள வருது. பத்து நிமிசம் நில்லன்."

"வந்து சேராது அக்கா."

புஸ்பம் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு பாதையைப் பார்த்தாள். கையிலிருந்த கூட்டை அப்படியே போட்டுவிட்டுக் கோலை எடுத்து ஊன்றினாள்.

"இடது பக்கம் போகாதீங்க. வலது பக்கம், முன்னால அணையுங்க" என்றாள் சுலோஜனா.

அவள் தளத்தில் ஏறியபோது பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். நைட்டியும் மழைக்கோட்டும் செருப்பில்லாத காலுமாக ஒரு பெண். நேரே நல்லரத்தினத்திடம் போனாள். அறுபது வயதில், மழைக்குத் தலையில் உரப்பையை மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய காதருகே குனிந்து சொன்னாள்.

"ஐயா, பின் மிதவைக்குள்ள தண்ணி போகுது."

"நானும் பாத்தன். லொறிப் பாரம் எண்டு நினைச்சன் டீச்சர்."

"சத்தம் போடாதீங்க. வேகத்தக் குறையுங்க. திருப்பாதீங்க, நேரே விடுங்க."

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "புள்ளையள், எல்லாரும் முன்னுக்கு, வலது பக்கமா வந்து இருங்க. ஒவ்வொருத்தரா. ஓடவேணாம். இருந்துகொண்டு படிக்கிறதப் படியுங்க." வாத்தியார் குரலுக்குப் பழகிய பிள்ளைகள். ஏன் என்று கேட்காமல் எழுந்து நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் தாழ்ந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுலோஜனா அவளுடைய தோளில் கை வைத்தாள். அந்தப் பிள்ளை போய் மற்றவர்களோடு இருந்தாள்.

லொறியில் இருந்து ஒரு சக்கரச் சாவியை வாங்கிக்கொண்டு சுலோஜனா பின்னால் போனாள். தளத்தில் மிதவைகளுக்கு மேலே விட்டிருந்த ஓட்டைகள் வழியாக அவற்றைத் தட்டினாள். நடு மிதவை 'ணங்' என்று ஒலித்தது. மூலை மிதவை 'தொக்' என்றது. அரைவாசிக்கு மேல் தண்ணீர்.

நல்லரத்தினம் படகை உதவியாளிடம் கொடுத்துவிட்டு வாளியோடு வந்தார். மிதவையின் மேல்மூடியின் திருகாணிகளில் கை வைத்தார். "திறந்து அள்ளுவம்."

"தொடாதீங்க!" அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள கிடக்கிற காத்துத்தான் ஐயா தாங்கிக்கொண்டு நிக்கிது. திறந்தா காத்து மேலால போகும், தண்ணி அடியால நிரம்பும். ஒரு நிமிசம் தாங்காது."

அவள் முழங்காலில் குந்தி மூடியருகே காதை வைத்தாள். உஸ்ஸென்று ஒரு மெல்லிய சத்தம். மூடிக்கு அடியிலிருந்த றப்பர் ஒரு பக்கம் விலகி, காற்று அதனூடாக வெளியேறிக்கொண்டிருந்தது. வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. அந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும்.

லொறிக்காரர் இஷாம் காத்தான்குடிக்காரர். படுவான்கரையில் மீனும் றாலும் எடுத்துப் பெட்டிகளில் ஐஸ் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். அவர் அருகே வந்து நின்றார்.

"டீச்சர், எனக்கு உண்மையைச் சொல்லுங்க. தாழுதா?"

"தாழுது இஷாம் நானா. பெட்டியெல்லாம் கட்டியிருக்கிற ரியூப் வாரை எனக்குத் தாங்க. பெட்டியள வாவியில தள்ளுங்க."

"எல்லாத்தையுமா? ராவு முழுக்க நிண்டு எடுத்த றால் டீச்சர்."

அவள் பிள்ளைகள் இருந்த பக்கம் பார்த்தாள். இஷாமும் பார்த்தார். அவருடைய மகள் ஸாதியாவும் இன்று காத்தான்குடியில் இதே பரீட்சைதான் எழுதுகிறாள். அவர் லொறியில் ஏறி, பெட்டிகளைக் கட்டியிருந்த றப்பர் வார்களை அறுத்து அவளுடைய பக்கம் எறிந்தார். பிறகு முதல் பெட்டியைத் தண்ணீரில் மெல்ல இறக்கினார். "யா அல்லாஹ்" என்ற ஒரு சொல்தான் அவருடைய வாயிலிருந்து வந்தது. இரண்டாவது. மூன்றாவது.

சுலோஜனா வாரை மூடியின் விளிம்பைச் சுற்றி இடுக்கில் திணித்தாள். ஈரத்தில் வழுக்கியது. சாவியால் நெம்பித் திணித்தாள். ஆணிகளை ஒன்று மாற்றி ஒன்று முறுக்கினாள். ஒரு ஆணி துருவில் இறுகிப்போய் அசையவில்லை. நல்லரத்தினம் தன் முழு எடையையும் சாவியில் போட்டுத் தொங்கினார். அரைச் சுற்று வந்தது. தண்ணீர் இப்போது தளத்தின் பின்விளிம்பைத் தொட்டு அவர்களுடைய கால்களுக்கு இடையில் ஓடியது. முன்னாலிருந்து யாரோ ஒரு பிள்ளை, "ஐயோ தண்ணி" என்று எழுந்தான். பக்கத்தில் இருந்தவள் அவனுடைய சட்டையைப் பிடித்து இருத்தினாள். சுலோஜனா அந்தப் பக்கம் திரும்பவில்லை. மறுபடி காதை வைத்தாள்.

சத்தம் நின்றிருந்தது.

தளத்துப் பலகையில் தண்ணீர் எட்டிய இடத்துக்குச் சற்று மேலே சாவியால் ஒரு கோடு கீறினாள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இஷாம் கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு வந்தார். கோடு தண்ணீருக்கு மேலேயே நின்றது. புஸ்பம் தோணியைப் பாதைக்கு ஒட்டியபடியே கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை.

கரை தட்டியபோது ஏழே கால். பிள்ளைகள் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். எட்டரைக்குப் பரீட்சை. பெரும்பாலானவர்களுக்கு என்ன நடந்ததென்று அன்று மாலைதான் தெரியும். லொறியை இறக்கியதும் பின்மூலை கொஞ்சம் எழும்பியது. சுலோஜனா துறையின் கல்லில் குந்தி வாந்தி எடுத்தாள்.

"டெங்கு திரும்பிற்றோ?" என்று நல்லரத்தினம் கேட்டார்.

"இல்ல ஐயா. அந்த மிதவை என்ட கையெழுத்து."

அவர் தலையிலிருந்த உரப்பையை எடுத்து உதறினார். "நீங்க வராட்டி?" என்றார். அது அவளுக்கு ஆறுதலாகச் சொன்னதா, குற்றமாகச் சொன்னதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒன்பது மணிக்குச் சபை உத்தியோகத்தர்கள் வந்தார்கள். அதற்கு முன்னரே சிவதர்ஷன் வந்து அவளைப் புளியமரத்துப் பக்கம் கூட்டிப் போனார்.

"வெள்ளத்தில மரக்குத்தி ஏதும் வந்து அடிச்சிருக்கும் எண்டு சொல்லுவம். ஆருக்கும் ஒண்டும் நடக்கல்லதானே. நிலையத்த மூடிருவானுகள் டீச்சர். அறுபது புள்ளையள் படிக்குதுகள்."

அவர் சொன்னதில் பொய் இல்லை, நிலையம் மூடப்படலாம். சுலோஜனா அதை நினைத்துப் பார்த்தாள். நிதுர்ஷனின் பெயர் வெளியே வந்தால் இனி அவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பதையும் நினைத்தாள்.

"சேர், மற்ற மிதவையும் அவன்தான் ஒட்டினவன்" என்றாள். "மரக்குத்தி எண்டு சொன்னா அத ஆரும் வெட்டிப் பாக்க மாட்டாங்க."

உத்தியோகத்தரிடம் அவளே போய்ச் சொன்னாள். எப்போது படிவம் வந்தது, தான் எதைப் பார்த்தாள், எதைப் பார்க்கவில்லை என்று ஒவ்வொன்றாக. அவர் எழுதிக்கொண்டே, "இதுல நீங்களே மாட்டிக்கொள்ளுறீங்களே" என்றார். அவள் கீழே ஒப்பமிட்டாள்.

பாதை நின்றது. மீதிப் பரீட்சை நாட்களுக்குப் பிள்ளைகளை எழுவான்கரைப் பாடசாலை ஒன்றில் தங்கவைத்தார்கள். நிலையத்தை மூடவில்லை, சுலோஜனாவை மட்டும் விசாரணை முடியும்வரை வகுப்பெடுக்க வேண்டாம் என்றார்கள். கடையில், பஸ்ஸில், கோயிலில் ஆட்கள் இரண்டு விதமாகப் பார்த்தார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றினவள் என்று சிலர். பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தவள் என்று சிலர். ஒரு தாய் வீட்டுக்கே வந்து, படலைக்கு வெளியே நின்று, "என்ட ஒரே புள்ள" என்று மட்டும் சொல்லி அழுதுவிட்டுப் போனாள். இஷாம் ஒரு மாதம் அவளைக் கண்டால் மறுபக்கம் பார்த்துப் போனார்.

விசாரணைக்கு நிதுர்ஷன் வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தான். கல்குடா வேலை போய்விட்டிருந்தது. மிதவைகள் இரண்டையும் கரைக்கு இழுத்து வைத்திருந்தார்கள். வெட்டும் வேலையை அவனே கேட்டு வாங்கினான். வெட்டும்போது உள்ளே அடைந்த வாயு தீப்பற்றாமலிருக்க, முதலில் மிதவைகளுக்குள் தண்ணீர் நிரப்பிக் கழுவி, மூடிகளைத் திறந்து ஒருநாள் காற்றோட விட்டாள் சுலோஜனா. பிறகுதான் கிரைண்டரை அவனுடைய கையில் கொடுத்தாள். மூலை ஒட்டு பிளந்தபோது உள்ளே சாம்பல் பிடித்த கம்பி மூன்றடி நீளத்துக்குக் கிடந்தது. எந்தப் பக்கமும் பிடிக்காமல் கையால் உருவி எடுக்க வந்தது. இரண்டாவது மிதவையிலும் அதே இடத்தில் அதே கம்பி. அது இன்னும் பிளக்கவில்லை.

"ஏன்டா என்னட்டக் கேக்கல்ல?" என்றாள்.

"நீங்க ஆஸ்பத்திரியில மிஸ். விழா எண்டு எல்லாரும் அவசரப்படுத்தினாங்க. கேட்டா வேலை தெரியாதவன் எண்டு நினைப்பீங்க எண்டு பயந்திட்டன்."

அவளுக்கு அவனை அடிக்கவேண்டும் போலிருந்தது. தானும் அந்த மேசையில் அதே பயத்தோடுதான் பேனையை எடுத்தாள் என்பது அப்போது ஞாபகம் வந்தது. சுகமில்லை, நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்ல அன்று அவளுக்கு வாய் வரவில்லை.

மாசி மாதம் விசாரணை முடிந்து கடிதம் வந்தது. கடுமையான எச்சரிக்கை. வகுப்பெடுக்கலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குச் சோதனைப் படிவம் எதிலும் அவளுடைய கையெழுத்து மட்டும் செல்லாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து அவரும் ஒப்பமிட வேண்டும். சிவதர்ஷன் கடிதத்தைக் கொடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார், அது பெரிய அவமானம் என்பதுபோல.

சுலோஜனா அதை இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாம் தடவை வாசிக்கும்போது, மூன்று மாதமாக இறுகிக் கிடந்த தோள்கள் தளர்வதை உணர்ந்தாள். "இத எல்லாருக்கும் வைக்கலாமே சேர்" என்றாள். "எனக்கு மட்டும் ஏன்?"

அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனாள். புதிய மிதவைகளுக்கான தகடுகள் வந்து இறங்கியிருந்தன. மறுபடி வேலை பழக வந்திருந்த நிதுர்ஷன், ஒட்டு உள்வரை பிடிக்கும்படி அவற்றின் விளிம்புகளைச் சாய்த்துச் சீவிக்கொண்டிருந்தான்.